ஜீப்புக்கு ஒரு கொங்காணி

ஹோர்டன் சமவெளியின் ஓஹிய பக்க வாயிலில் விடிகாலை ஐந்தேகாலுக்கு ஜீப்பை நிறுத்தியபோது வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஜனவரிக் குளிர். கேட் திறக்க ஆறு மணியாகும். எஞ்சினை அணைத்து, கண்ணாடிகளை இறுக்கி மூடிக்கொண்டு ஆறு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். நான், மனைவி, கொழும்பிலிருந்து வந்த மச்சான், அவர் மனைவி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். பிளாஸ்கிலிருந்து சாயத்தண்ணி ஊற்றிக் குடித்து முடித்த நேரத்தில் என் பின்கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. ஐஸ் போல. துடைத்துக்கொண்டேன். அடுத்தது மச்சானின் வழுக்கையில். அப்புறம் சின்னவளின் பிஸ்கட்டில்.

மச்சான் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்ன மச்சான், புதுக் கூரை எண்டீங்க?"

புதுக் கூரைதான். என் சம்பளம் இரண்டு மாதத்தை முழுங்கிய கூரை. ஒரு பொட்டுத் தண்ணீர் உள்ளே வராது என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருந்த கூரை. டோர்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கி, டயரில் ஏறி நின்று தடவிப் பார்த்தேன். மேலே மெல்லிய வெள்ளைப் படலமாகத் துகள் பனி இருந்ததே தவிர தண்ணீர் இல்லை. மழையும் இல்லை, ஓட்டையும் இல்லை. உள்ளேயோ கூரை முழுக்க முத்து முத்தாகக் கோத்து நின்று, யாராவது அசைந்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. அங்கேயுள்ள உலக முடிவு என்ற மலை விளிம்பைப் பார்க்கப் போன பயணத்தில் அன்று நான் பார்த்தது அந்தச் சொட்டுகளை மட்டும்தான். நடக்கும்போதும் அதுதான் மண்டைக்குள். எங்கேயிருந்து வருகிறது?

அந்தக் கேள்வியால் நான் செய்த முட்டாள்தனத்தையும், பிறகு செய்த ஒரு நல்ல வேலையையும் எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஜீப்புக்குக் கூரை போடுகிறவர்கள் எங்கள் பக்கம் இப்போது நிறைய. எல்லோரும் நான் போன வழியிலேயே போகிறார்கள்.

கூரை இல்லாத வீடு

ஜீப் என்னிடம் வந்தது 2021-இல். வாகன இறக்குமதியை நிறுத்தி ஒரு வருடம் தாண்டியிருந்தது, ஓடுகிற எந்தப் பழைய இரும்புக்கும் தங்க விலை. வெலிமடையில் உருளைக்கிழங்குச் செய்கைக்காரர் ஒருவரிடம் ஒரு மிட்சுபிஷி 4டிஆர்5 கிடந்தது. எங்கள் பக்கத்தில் அந்த எஞ்சின் பெயரைச் சொன்னாலே போதும், வண்டி என்னவென்று புரிந்துவிடும். 2659 சிசி டீசல். வில்லிஸ் ஜீப்பைச் செய்ய உரிமம் வாங்கி மிட்சுபிஷி 1953-இலிருந்து 1998 வரை ஜப்பானில் செய்துகொண்டிருந்த அதே வண்டிதான். எஞ்சின் நன்றாக இருந்தது. சேஸி நன்றாக இருந்தது. இடுப்புக்கு மேலே மட்டும் ஒன்றுமே இல்லை. துருப்பிடித்த மூன்று வளைவுக் கம்பிகள், அவ்வளவுதான். கிழங்கு மூட்டை ஏற்றுகிறவருக்குக் கூரை எதற்கு?

ஹப்புத்தளைக்கு ஓட்டி வந்து வாசலில் நிறுத்தினேன். அம்மா சுற்றிப் பார்த்தார். முப்பது வருடம் கொழுந்து பறித்தவர், எதையும் அவசரப்பட்டுப் பாராட்ட மாட்டார். "கூரை இல்லாத வீட்டையா வாங்கிட்டு வந்த?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

முதல் ஹூட்டை, அதாவது துணிக் கூரையை, பக்கத்து டவுனில் ஒரு குஷன் கடையில் தைக்கக் கொடுத்தேன். லொறிக்குப் போடுகிற பிவிசி தறப்பாள். நல்ல கனம், பளபளப்பு, தண்ணீர் ஒட்டாது. கடைக்காரர் தையலை மிக நெருக்கமாகப் போட்டார். பொடித் தையல் போட்டால் உறுதி என்பது அவர் எண்ணம், என் எண்ணமும் அதுதான். பிவிசிக்கு அது நேர் எதிர் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. பஞ்சுக் கன்வஸில் ஊசி குத்திய ஓட்டை, நனைந்ததும் நூலும் துணியும் ஊதித் தானாக அடைபட்டுவிடும். பிவிசியில் குத்திய ஓட்டை குத்தியபடியே இருக்கும். அங்குலத்துக்குப் பன்னிரண்டு குத்து குத்தினால், முத்திரைத் தாளின் ஓரத்தைப்போல, கிழிப்பதற்கென்றே கோடு போட்டுக் கொடுத்த மாதிரி. ஜூன் மாதக் காற்றில் பெரகலையிலிருந்து ஏறி வரும்போது அந்தக் கோட்டில்தான் சர்ரென்று போனது.

கிழிவதற்கு முன்பே இன்னொரு வியாதி இருந்தது. வளைவுக் கம்பிகள் மூன்றும் ஒரே உயரம். இரண்டு கம்பிக்கு நடுவே தறப்பாள் தொய்ந்து குழிந்து, மழையில் ஒரு வாளித் தண்ணீர் அங்கே தேங்கும். வண்டி ஓடும்வரை பிரச்சினை இல்லை. பிரேக் பிடித்தால் மொத்தத் தண்ணீரும் முன்னுக்கு ஓடி, கூரையும் முகப்புக் கண்ணாடியும் சேருகிற இடுக்கு வழியாக என் மடியில் கொட்டும். பண்டாரவளையில் பாடசாலை வாயிலில் ஒரு நாள் இப்படி நனைந்து இறங்கினேன். பத்தாம் வகுப்புப் பையன்கள் அதை மறக்கவே இல்லை.

அம்மா பார்த்துவிட்டுச் சொன்னது ஒரு வரி. "முதுகுல தண்ணி நிக்குது பாரு. கொங்காணிக்கு முதுகுல தண்ணி நிக்குமா?"

கொழுந்து பறிக்கிறவர்கள் மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொள்வதுதான் கொங்காணி. நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஹூட் என்றாலே இப்படித்தான், துணி துணிதான், இனி இரும்பும் தகரமும்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பெட்டி

ஹார்ட் டொப் செய்கிறவர்களுக்கு நம்மிடம் குறைவில்லை. கேட், கிரில், தண்ணீர்த் தாங்கி ஸ்டாண்ட் எல்லாம் செய்கிற வெல்டிங் பாஸ் ஒருவர் ஒத்துக்கொண்டார். வெளிநாட்டு ஜீப் ஒன்றின் படத்தைப் போனில் காட்டினேன். ஒரு அங்குலப் பொக்ஸ் பாரில், அதாவது சதுர இரும்புக் குழாயில் கூடு, அதன்மேல் அலுமினியத் தகடு, பொப் ரிவெட். பக்கத்தில் தள்ளிக் கண்ணாடிகள், பின்னால் ஒரு கதவு. மூன்று கிழமையில் முடித்துக் கொடுத்தார். வேலை சுத்தம், அதில் குறை சொல்ல முடியாது. தப்பு என் படத்தில்தான்.

முதலில் எடை. கழற்ற நான்கு பேர் வேண்டும். கிழங்குக் களஞ்சியத் தராசில் வைத்துப் பார்த்தபோது 78 கிலோ. ஏற்கெனவே ஒடுங்கிய, உயரமான வண்டி. அதன் தலையில் ஒரு பெரிய ஆளை நிரந்தரமாக ஏற்றி உட்கார வைத்ததுபோல. ஹப்புத்தளை, தம்பேதன்னைத் தோட்டத்து வளைவுகளில் திருப்பும்போது உடம்புக்குத் தெரியும், வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் நிமிரும். அடுத்தது முகப்புக் கண்ணாடி. இந்த ஜீப்புகளில் கண்ணாடிச் சட்டம் கீல் வைத்து முன்பக்கம் மடிகிறது, கூரையைத் தாங்கச் செய்தது அல்ல. குண்டும் குழியுமான ரோட்டில் சேஸி முறுக்கும். துணி ஹூட் அதோடு சேர்ந்து முறுக்கிக்கொடுக்கும், பெட்டி கொடுக்காது. இடையில் தடித்த ரப்பராவது வைத்திருக்க வேண்டும், நாங்கள் நேரே போல்ட் போட்டு இறுக்கினோம். பொரலந்தை ரோட்டில் ஒரு குழியில் இறங்கி ஏறியபோது டக்கென்று ஒரு சத்தம். கண்ணாடியில் மூலைக்கு மூலை ஒரு கோடு.

அலுமினியத்தை இரும்பின்மேல் நேராக வைத்து ரிவெட் அடிப்பதும் வம்புதான். இரண்டுக்கும் நடுவே ஈரம் புகுந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர ஆரம்பிக்கும். 1948-இல் லேண்ட் ரோவர் வந்தபோது, போருக்குப் பின் உருக்குத் தட்டுப்பாடு என்பதால் உடம்பை பேர்மாபிரைட் என்ற அலுமினியக் கலப்பில் செய்தார்கள். சேஸி உருக்கு. பழைய லேண்ட் ரோவர் வைத்திருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த இரண்டு உலோகங்களும் தொடுகிற இடங்களில்தான் இன்றும் அவர்கள் பணம் கரைகிறது. எனக்கு ஒரு வருடத்திலேயே ரிவெட்டுகளைச் சுற்றி வெள்ளை வளையம் பூத்துவிட்டது.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். மழை உள்ளே வரவில்லையே! ஒக்டோபர், நவம்பரில் மத்தியானத்துக்கு மேல் இடியோடு கொட்டுகிற மழையில், தகரத்தில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. ஆனால் சட்டை நனையாது. அது போதும் என்றிருந்தேன், அந்த ஜனவரி விடிகாலை வரை.

திரும்பி வந்ததும் நான் செய்த முட்டாள்தனம் இதுதான். சிலிக்கன் டியூப் ஆறு வாங்கி, கூரையின் ஒவ்வொரு மூட்டையும், ஒவ்வொரு ரிவெட் தலையையும், கண்ணாடி ஓரங்களையும் ஒரு மயிரிழை விடாமல் அடைத்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அடுத்த முறை நுவரெலியாவுக்கு விடியப் போனபோது முன்னைவிட இரண்டு மடங்கு சொட்டியது.

பத்து நிமிடம்

பண்டாரவளையில் பின் தெருவொன்றில் ஒரு நானா இருக்கிறார், முஸ்லிம் பெரியவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவது. எழுபது தாண்டியவர். லொறித் தறப்பாள், தோட்டத்து லேண்ட் ரோவர் ஹூட், பஸ் சீட், கல்யாண வீட்டுப் பந்தல் துணி எல்லாம் தைத்த கை. இப்போது பெரும்பாலும் முச்சக்கர வண்டிக்குச் சீட் கவர்தான் தைக்கிறார். நண்பர் ஒருவர் சொல்லி, ஒரு மாலை நேரம் போனேன். மூடுபனியும் தூறலுமாக இருந்தது. ஜீப்பைக் கடை வாசலில் நிறுத்தி, எங்கெங்கே அடைத்தேன், எந்த சிலிக்கன் போட்டேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்தார். "நீங்களும் ஏறுங்க தம்பி" என்றார். கதவை மூடச் சொன்னார். கண்ணாடியையும்.

எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். அவர் பேசவில்லை. நான் ஏதோ கேட்டேன், கையைக் காட்டி இருக்கச் சொன்னார். வெளியே ஒரு பஸ் போனது. பக்கத்துக் கடையில் கொத்துத் தட்டுகிற சத்தம். கண்ணாடிகள் மெல்ல மங்கிப் புகைமாதிரி ஆயின. ஒரு பத்து நிமிடம் இருக்கும். நானா கையைத் தூக்கிக் கூரையின் உள்பக்கத்தில் ஒரு விரலால் கோடு இழுத்தார். விரல் நுனியில் தொங்கிய சொட்டை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்து காட்டினார்.

"தம்பி என்ன வேலை பாக்குறீங்க?"

"டீச்சர்."

"என்ன பாடம்?"

"சயன்ஸ்."

அவர் சிரிக்கவில்லை. விரலைச் சாரத்தில் துடைத்துக்கொண்டார். "அப்ப நான் என்னத்தச் சொல்லித் தாறது? வீட்டுல சோத்துச் சட்டி மூடியத் தூக்கிப் பாத்திருப்பீங்கதானே."

ஆவியாதல், ஒடுங்கல் என்று கரும்பலகையில் எழுதி, அம்புக்குறி போட்டு, ஐஸ் போட்ட கோப்பையின் வெளிப்புறம் ஏன் வியர்க்கிறது என்று பிள்ளைகளைக் கேட்டு, தப்பாகச் சொன்னவனை முறைத்தும் இருக்கிறேன். அந்தக் கோப்பைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தபோது தெரியவில்லை. மனிதன் மூச்சில் மட்டும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 400 மில்லிலீட்டர் தண்ணீர் வெளியே போகிறது. ஹப்புத்தளையில் மூன்றே முக்காலுக்கு ஏறி, ஆறேகால் வரை கண்ணாடியைத் திறக்காமல் இருந்த ஆறு பேர். கணக்குப் போட்டுப் பார்த்தேன், 250 மில்லிலீட்டர். ஒரு பெரிய தேத்தண்ணீர்க் கோப்பை. சாயத்தண்ணியின் ஆவி தனி. அந்த ஈரமெல்லாம் எங்கே போகும்? மேகமில்லாத இரவில் வானத்தைப் பார்த்துக் கிடக்கிற தகடு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து போகும், அதனால்தான் துகள் பனி முதலில் அதில் விழுகிறது. ஆறு பேர் மூச்சும் போய் அந்தத் தகட்டில் முட்டித் தண்ணீராகி அவரவர் தலையிலேயே விழுந்தது. சிலிக்கன் போட்டு நான் அடைத்தது மழை வருகிற ஓட்டையை அல்ல, மூச்சு போகிற ஓட்டையை.

எனக்கு வெட்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது, என்மேல். ஏனென்றால் இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை. நான் பிறந்தது லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில். பதினைந்து வயது வரை படுத்தது தகரத்துக்குக் கீழே. ஜனவரி, பெப்ரவரியில் விடியக்காலம் தகரம் வேர்த்து முகத்தில் சொட்டும். அதற்காகவே அம்மா உரச்சாக்குகளைப் பிரித்துக் கழுவி, ஒன்றோடு ஒன்று தைத்து, தகரத்துக்கு ஒரு சாண் கீழே கட்டுவார். அடுப்புப் புகையில் அது கறுத்துப்போய்த் தொங்கும். வீட்டுக்கு யாராவது வந்தால் எனக்கு அந்தச் சாக்குதான் அவமானமாக இருக்கும். சொட்டு அதோடு நின்றுவிடுகிறது என்பதை ஒரு நாளும் யோசித்ததில்லை.

தைத்த கதை

நானா ஒத்துக்கொள்ள இரண்டு நிபந்தனை போட்டார். அவசரப்படுத்தக் கூடாது, போனில் படம் காட்டக் கூடாது.

துணி பஞ்சுக் கன்வஸ், காக்கி நிறம். புறக்கோட்டைக்குப் போய் நானே வாங்கி வந்தேன். வாங்கியதும் வெட்டவில்லை. சீமெந்துத் தொட்டியில் ஒரு இரவு ஊறப்போட்டு, காயவைத்து, மறுபடி ஊறப்போட்டு, மறுபடி காயவைத்தார். ஆறு யார் துணியில் ஐந்து அங்குலம் சுருங்கியிருந்தது. இதைச் செய்யாமல் அளவுக்குச் சரியாகத் தைத்து மாட்டினால் முதல் மழையில் சுருங்கி, கயிறு கோக்கிற ஐலட் வளையத்தைப் பிய்த்துக்கொண்டு வரும், இல்லாவிட்டால் கம்பியை வளைக்கும். மாட்டும்போது கொஞ்சம் தளர்ச்சியாகத்தான் மாட்ட வேண்டுமாம். நனைந்தால் தானே விறைக்கும்.

வளைவுக் கம்பிகளைப் புதிதாகச் செய்தோம். முக்கால் அங்குல ஜிஐ பைப்பில் காய்ந்த மணலை நிரப்பி, இரண்டு முனையிலும் மரக்கட்டை அடித்து, லொறி ரிம் ஒன்றைச் சுற்றி வளைத்தார்கள். மணல் இல்லாமல் வளைத்தால் பைப் நசுங்கிப் போகும். முதல் ஹூட்டில் மூன்று கம்பி, இதில் நான்கு. இரண்டாவது கம்பி மற்றவற்றைவிட இரண்டு அங்குலம் உயரம், அதிலிருந்து பின்னுக்குச் சரிவு. நானா இதைச் சுண்ணக்கட்டியால் சுவரில் கீறிக் காட்டியபோது எனக்கு அம்மா சொன்னது உறைத்தது. கொங்காணிக்குச் சாக்கின் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் குத்திவிட்டால் உச்சியில் ஒரு கூர் வரும். தண்ணீர் நிற்க அங்கே தட்டையான இடமே இல்லை. இரண்டு பக்கமும் வழிந்து முதுகைத் தாண்டி விழும். கீழே திறந்தே கிடப்பதால் மலையேறுகிற உடம்பின் சூடும் வேர்வையும் வெளியே போய்விடும். எத்தனை மழைக்காலம் எத்தனை பெண்கள் தலையில் போட்டுப் பார்த்துச் சரிசெய்த வடிவம் அது! சொன்னால் அம்மா, "சாக்கு மடிக்கிறதுக்கு இவ்வளவு படிப்பா?" என்பார்.

வெட்டுவதற்கு முன் சீமெந்துப் பைக் கடதாசியை ஒட்டி, கம்பிகளின்மேல் போர்த்தி, முழு ஹூட்டையும் கடதாசியிலேயே ஒரு தடவை செய்தார். அந்தக் கடதாசி ஹூட் நான்கு நாள் ஜீப்பின்மேல் நின்றது. ஒவ்வொரு நாளும் வந்து சுற்றி நடந்து பார்த்து ஒரு கோட்டை அழித்து இன்னொரு கோடு போடுவார். அவர் அதிகம் யோசித்தது தையல் எங்கே வர வேண்டும் என்பதைத்தான். உச்சியில் ஒரு தையல்கூட இல்லை. துண்டுகள் சேருகிற இடமெல்லாம் பக்கவாட்டில், தண்ணீர் ஓடுகிற வேகம் கூடிய சரிவில். மேல் துண்டு கீழ்த் துண்டின்மேல் ஏறிப் படியும், ஓடு வேய்ந்த மாதிரி. அதே மாதிரி முன் துண்டு பின் துண்டின்மேல், ஓடும்போது காற்று மடிப்புக்குள் புகாதபடி. மடித்து மடித்து நான்கு அடுக்காக்கி இரண்டு வரித் தையல். அங்குலத்துக்கு ஐந்தாறு குத்துத்தான், பெரிய பெரிய தையல். நூலை மெழுகுக் கட்டியில் இழுத்துவிட்டுத்தான் ஊசியில் கோப்பார். நான்கு அடுக்குக் கன்வஸில் அந்தக் கால்மிதி மெஷின் திணறும்போது சக்கரத்தைக் கையால் சுற்றுவார். ஒரு குத்து, ஒரு நிறுத்தம், ஒரு குத்து.

ஹட்டன் பக்கத்தில் ஹூட் தைக்கிறவர்கள் இப்படி வெட்ட மாட்டார்கள் என்றும் சொன்னார். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மேலிருந்து கொட்டுகிற மழைதான் பயம், அதனால் அங்கே ஓரத்தை நீளமாகத் தொங்கவிடுவார்கள். ஹப்புத்தளைக் கணவாயில் மழை மேலிருந்து விழாது, பக்கத்திலிருந்து வரும், சில நாள் கீழேயிருந்தும் வரும். தொங்கவிட்டால் படபடவென்று அடித்தே கிழியும். எனக்கு ஓரத்தைக் குறுக்கி, கயிறு கோத்து, உடம்போடு இறுக்கிக் கட்டுகிற மாதிரி வைத்தார்.

மூச்சு விஷயத்தில் ஒரு தடவை சறுக்கினோம். முதலில் காற்றுக்கென்று பின்பக்கப் படலைச் சுருட்டிக் கட்டினால் போதும் என்றிருந்தோம். பெரகலை ஏற்றத்தில் இரண்டாவது கியரில் ஏறி வந்து வீடு சேர்ந்தபோது எல்லோருக்கும் தலைவலி, என் வெள்ளைச் சட்டையில் கரி. ஓடுகிற வண்டிக்குப் பின்னால் காற்று அழுத்தம் குறைகிறது, வெளியே போன புகையை அதுவே உள்ளே இழுத்துவிடுகிறது. டீசல் புகை விளையாட்டில்லை. பின்படலை மட்டும் திறந்துகொண்டு ஓட்டுகிற யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து இன்றைக்கே நிறுத்துங்கள். பிறகு முன்கதவுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வாய் வெட்டி, மேலே கண் இமை மாதிரி ஒரு மடிப்புத் தைத்தோம். ஓடும்போது இவை திறந்திருக்கும், பின்படல் மூடியிருக்கும். நிறுத்திவைத்தால் எல்லாம் திறந்திருக்கும்.

கடைசியாக உள்துணி. இது மட்டும் என் யோசனை, அதாவது அம்மாவின் யோசனை. கம்பிகளுக்குக் கீழே, கன்வஸிலிருந்து நான்கு விரல் இடைவெளியில், மெல்லிய பிளானல் துணி. பட்டன் போட்டது, கழற்றிக் கொடியில் காயப்போடலாம். எவ்வளவு குளிரிலும் மூச்சு முதலில் அந்தத் துணியில்தான் படும், அது வானத்தைப் பார்ப்பதில்லை, அதனால் அவ்வளவு குளிர்வதும் இல்லை. மீறிப் போகிற ஈரம் கன்வஸில் படிந்தாலும் துணிதான் வாங்கும். சின்ன வயதில் தோட்டத்துப் பெரிய துரையின் லேண்ட் ரோவருக்கு ஏன் கூரைக்கு மேலே இன்னொரு கூரை, வெள்ளைத் தொப்பி போட்ட மாதிரி, என்று நினைத்ததுண்டு. வெயில் நாடுகளுக்கென்று செய்த இரட்டைக் கூரை அது. மேல் தகடு வெயிலை வாங்கிக்கொள்ளும், நடுவில் காற்று ஓடும். எங்கள் லயத்தில் மேலே தகரம், கீழே சாக்கு. துரையின் வண்டியில் இருந்ததும் எங்கள் வீட்டில் இருந்ததும் ஒன்றுதான் என்று தெரிய எனக்கு நாற்பத்துமூன்று வயதாகிவிட்டது.

இப்போது

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பின் வலது மூலையில் பெருமழைக்கு இன்னும் ஒரு சொட்டு வருகிறது. நானா மூன்று தடவை பார்த்துவிட்டு, "அது இருக்கட்டும், கண்ணூறு படாது" என்று கைவிட்டுவிட்டார். பக்கத்து ஜன்னலுக்குப் போட்ட பிளாஸ்டிக் கண்ணாடி நுவரெலியாக் குளிரில் விறைத்திருந்தபோது அவசரத்தில் மடித்துவிட்டேன், குறுக்கே வெடித்தது. அதைச் சுருட்டத்தான் வேண்டும், அதுவும் கொஞ்சம் சூடேறிய பிறகு. ஈரத்தோடு ஹூட்டை மடித்துவைத்து ஒரு கிழமை மறந்ததில் கறுப்புப் புள்ளிகள் விழுந்துவிட்டன, போகவில்லை. கொழும்பில் தெருவோரம் நிறுத்துகிறவருக்கு நான் கன்வஸைச் சிபாரிசு செய்யவும் மாட்டேன். ஒரு பிளேடு போதும் திருடனுக்கு. மச்சான் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் போன ஜனவரியில் அதே ஆறு பேரும் அதே ஓஹிய வாயிலில் அதே குளிரில் உட்கார்ந்திருந்தோம். மச்சான் வந்ததும் வராததுமாகத் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார், கிண்டலுக்குத்தான். ஆறு மணிக்குக் கேட் திறந்தபோது அவரே கையை நீட்டி உள்துணியைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, தொப்பியைக் கழற்றினார். கொஞ்சம் ஈரமாகத்தான் இருந்திருக்கும். சொட்டவில்லை.

அந்த 78 கிலோப் பெட்டியை என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். விற்கப் பார்த்தேன், கேட்டு வந்தவரிடம் கதையைச் சொன்னேன், அவர் போய்விட்டார். பக்கங்களையும் கண்ணாடியையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, கூரையை மட்டும் வீட்டுக்குப் பின்னால் நான்கு சவுக்குக் கட்டையில் ஏற்றி விறகு அடுக்க வைத்திருக்கிறேன். போன கிழமை அம்மா வந்து, மழையே இல்லை, விறகு எப்படி நனைந்தது என்று கேட்டார். நான் ஒடுங்கல் பற்றி ஆரம்பித்தேன். பாதியிலேயே எழுந்து போய்விட்டார். நேற்றுப் பாடசாலை விட்டு வந்து பார்த்தால், யூரியாச் சாக்கு இரண்டைப் பிரித்து, தகட்டுக்கு ஒரு சாண் கீழே இழுத்துக் கட்டியிருக்கிறார்.